கைராசி என்று ஒன்று கிடையாது



பொங்கலன்று எங்கள் வீட்டுச் சிவப்பு ரோஜாவின் படத்தைப் போட்டிருந்தேன். ஒரே செடியில் ஆறு பூ. பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் முக்கால்வாசிப் பேர் எழுதியது ஒரே வரிதான்: "உங்களுக்குக் கைராசி டீச்சர்." அடுத்த வரி, "எனக்கெல்லாம் ரோஜா வராது."

அன்று ராத்திரியே என் அக்கா மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "சித்தி, நாலாவது செடியும் போச்சு. நான் தொட்டா எதுவும் உருப்படாது. என் கை அப்படி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் இல்லாத பொறுமையை இப்போதாவது காட்டுங்கள்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் ஓய்வுபெற்ற நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு சிவப்பு ரோஜாச் செடி கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? அது 23 நாளில் செத்துப்போனது. எட்டு வருடமாக உங்களிடம் சொல்லவில்லை. "செடி எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களிடம் "நல்லா இருக்குப்பா" என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று செடிகளைக் கொன்றேன். படத்தில் நீங்கள் பார்த்தது ஐந்தாவது செடி. ஐந்து முறையும் இதே கைதான். ராசி கையில் இருந்திருந்தால் முதல் நான்கு ஏன் செத்தன?

கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். விடை தவறாக வந்தால் மாணவனைப் பார்க்கக்கூடாது, படிகளைப் பார்க்கவேண்டும். நான்கு செடிகளும் எந்தப் படியில் தவறின என்று பார்ப்போம்.

முதல் செடி. நீங்கள் கொடுத்தது மே 31. திருச்சியில் அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத வெயில். நான் என்ன செய்தேன்? "ரோஜாவுக்கு வெயில் வேண்டும்" என்று எங்கோ படித்ததை நம்பி, மொட்டைமாடியில் தளத்தின் மேலேயே தொட்டியை வைத்தேன். மேலே வெயில், கீழே கொதிக்கிற கான்கிரீட். 10 அங்குலத் தொட்டிக்குள் இருந்த வேர் வெந்துபோனது. ரோஜாவுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும் என்பது சரி. ஆனால் நம் ஊரில் அது காலை வெயிலாக இருக்கவேண்டும். இப்போதைய செடி வீட்டுக்குக் கிழக்கே, காம்பவுண்ட் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நாலடி அகலச் சந்தில் நிற்கிறது. பன்னிரண்டு மணிவரை வெயில், பிறகு வீட்டு நிழல். மேற்குச் சுவர் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். மதியமெல்லாம் சூடேறிய சுவர் ராத்திரிவரை அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது செடி. தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியது. கறுப்புக் கவரில், ஒரு பெரிய பூவோடு. மேலே பார்த்தால் மண் நன்றாகத்தான் இருந்தது. கவரைக் கிழித்தபோது உள்ளே களிமண் உருண்டை, கல்லைப்போல. தூர நர்சரிகளிலிருந்து லாரியில் வருகிற செடிகளுக்கு வேர் கலையாமல் இருக்க இப்படிக் களிமண் பிடித்துவிடுவார்கள். பயணத்துக்கு நல்லது. ஆனால் அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கினால், சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உருண்டைக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். நானோ இலை வாடுகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை வாடும், தண்ணீர் இல்லாவிட்டாலும் இலை வாடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இப்போது வாங்கினால், உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை மெதுவாகக் கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன். செம்மண், மணல், நன்றாக மக்கிய சாணி எரு மூன்றையும் கலந்து, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்க்கிறேன். தரையில் நடுவதானால் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. தொட்டியானால் குறைந்தது 14 அங்குலம், அடியில் துளையோடு.

மூன்றாவது செடியின் கதைதான் வேடிக்கை. அது சாகவில்லை. செழித்தது! ஆளுயரத்துக்குக் கிளை விட்டது. எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சிவப்புப் பூ வந்த பக்கம் காய்ந்திருக்கிறது. புதுக் கிளைகளில் சின்னச் சின்னதாக வெளுத்த பூ. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "சிவப்பு வெளுத்துப்போச்சே, வீட்டுக்கு ஏதாவது பரிகாரம் பண்ணுங்க" என்றார்.

பரிகாரம் தேவையில்லை, செடியைப் புரிந்துகொண்டால் போதும். நாம் வாங்குகிற ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. கீழே வேர் ஒரு ரோஜாவுடையது, மேலே பூ வேறொரு ரோஜாவுடையது. வேருக்கென்று எட்வர்டு ரோஜா மாதிரி முரட்டு வகையை வளர்த்து, அதன் தண்டில் நல்ல பூ ரகத்தின் ஒரே ஒரு மொட்டைச் செருகிக் கட்டுகிறார்கள். அடித்தண்டில் புடைப்பாகத் தெரிகிறதே, அதுதான் ஒட்டுக்கட்டிய இடம். அதற்குக் கீழிருந்து வருகிற கிளை வேர்ச்செடியின் கிளை. அதற்கு வேகம் அதிகம். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். நான் ஆசையாக வளர்த்தது அதைத்தான்.

"ஏழு இலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்து இலை இருந்தால் நல்ல கிளை" என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். எத்தனை இலை என்று எண்ணாதீர்கள், எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பினால் அடியோடு பிய்த்தெடுங்கள். நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள், அப்போதுதான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

நான்காவது செடியைக் கொன்றது என் இரக்கம். கிளை வெட்ட மனசு வரவில்லை. "வளர்ற பிள்ளையை வெட்டுவாங்களா" என்று விட்டுவிட்டேன். நெட்டையாகப் போய், உச்சியில் ஒரு பூ பூத்து, பிறகு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. நுனிக்கருகல் நோய். கருகிய பாகத்துக்குக் கீழே பச்சைத் தண்டுவரை வெட்டி, வெட்டிய இடத்தில் தாமிரப் பூஞ்சாணக்கொல்லிப் பசை தடவியிருந்தால் நின்றிருக்கும். நான் பாவம் பார்த்தேன், அது அடிவரை கருகிவிட்டது.

நான்கு செடிக்கும் நான்கு காரணம் கிடைத்துவிட்டது: சூடு, தேங்கிய தண்ணீர், வேர்ச்செடிக் கிளை, வெட்டாத கிளை. ஒன்றிலாவது என் கை ரேகை சம்பந்தப்பட்டிருக்கிறதா சொல்லுங்கள்.

ஐந்தாவதை வாங்கும்போதுதான் முதல்முறையாகக் கேள்வி கேட்டு வாங்கினேன். "சிவப்பு ரோஜா வேணும்" என்று கேட்டால் கிடைப்பது எதுவாகவும் இருக்கலாம். பூங்கொத்துக் கடையில் நீளக் காம்போடு நிற்கிறதே, அது ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்கிற வகை. நீளக் காம்புக்கும், வெட்டிய பிறகு பல நாள் தாங்குவதற்கும் தேர்ந்தெடுத்தது. சின்ன வீட்டுக்கு வேண்டியது அடக்கமான புதர். மூன்று, மூன்றரை அடிக்குள் வைத்துக்கொள்ளலாம், பூ மட்டும் பெரிதாக இருக்கவேண்டும், வாசம் வேண்டும். அதற்கு நான் தேர்ந்தது 'கிரைஸ்லர் இம்பீரியல்'. பெயர் காருடையதுதான். அமெரிக்காவில் வால்டர் லாம்மெர்ட்ஸ் என்பவர் உருவாக்கி 1952-ல் வெளிவந்த அடர்சிவப்பு ஹைப்ரிட் டீ. பழைய ரகம். ஆனால் வாசனை சந்து முழுக்க நிற்கும். புகழ்பெற்ற 'மிஸ்டர் லிங்கன்', 'பாப்பா மெய்யான்' இரண்டுக்கும் இதுதான் தாய். பிள்ளைகள் தாயைவிட உயரமாகப் போய்விடும், எங்கள் நாலடிச் சந்துக்குத் தாய்தான் சரி.

ஹைப்ரிட் டீ என்றதும் ஒரு மாணவர், "அப்ப டீத்தூள் போட்டா நல்லா வருமா டீச்சர்?" என்று கேட்டிருந்தார். பெயருக்கும் நம் டீத்தூளுக்கும் சம்பந்தமில்லை தம்பி. சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒருவகை ரோஜாவுக்கு 'டீ ரோஜா' என்று பெயர். அதையும் ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களையும் கலந்து வந்தது இந்த இனம். 1867-ல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவைத்தான் முதல் ஹைப்ரிட் டீ என்று வழக்கமாகச் சொல்வார்கள். காம்புக்கு ஒரு பெரிய பூ, கூரான மொட்டு, வருடத்தில் பல தடவை பூப்பது, இவைதான் இதன் அடையாளம். மீந்த டீத்தூளைப் போடுவதானால் பாலும் சர்க்கரையும் போகக் கழுவி, மக்கவைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்புக்குத்தான் விருந்து.

நம் நாட்டிலும் இதற்காக உழைத்தவர்கள் உண்டு. டாக்டர் பி.பி.பால் என்று ஒரு விஞ்ஞானி. கோதுமையில் துருநோயை எதிர்க்கிற ரகங்களுக்காகப் பாடுபட்டவர், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். அவரே புது ரோஜா ரகங்களையும் உருவாக்கினார். ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போனால் செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பெயர்ப்பலகையையும் கொஞ்சம் படியுங்கள். ஆனால் ஊட்டிக் குளிரில் நிற்கிற மாதிரி திருச்சியில் நிற்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். மே மாதத்தில் என் செடியில் பூ சின்னதாக வரும், இதழ் ஓரம் கருகும். அது செடியின் குற்றமும் இல்லை, என் குற்றமும் இல்லை. வெயில் காலத்தில் உயிரோடு இருந்தால் போதும் என்று வேருக்கு மேல் தென்னை நாரும் காய்ந்த இலையும் போட்டு மூடிவைப்பேன். உரம் போடமாட்டேன்.

இந்த முறை கவாத்தையும் விடவில்லை. அடைமழை கொஞ்சம் ஓய்ந்ததும் கார்த்திகை முதல் வாரத்தில் வெட்டினேன். காய்ந்தது, குச்சியானது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல கிளை நாலைந்தை மட்டும் பாதி உயரத்துக்குக் குறைத்தேன். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. வெட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன், பார்க்கச் சகிக்கவில்லை. ஏதோ முள்ளுக்கட்டை நட்டுவைத்த மாதிரி இருந்தது. பத்தாம் நாள் செக்கச்செவேலென்று துளிர். 49-ஆம் நாள் முதல் பூ. ஒரு பூ உதிர்ந்ததும் அதற்குக் கீழே ஐந்து இலை உள்ள கணுவரை வெட்டிவிட்டால் அடுத்த பூவுக்கு ஏறக்குறைய அதே கணக்குத்தான், ஆறேழு வாரம்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் பார்க்கிறேன். தண்ணீர் வேரில்தான் விடுவேன், அதுவும் காலையில். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய்க்கு அது அழைப்பிதழ். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி, கீழே போடாமல் குப்பையில் போடுவேன். கோடையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தூசி மாதிரி சிவப்பாக ஊர்ந்தால் சிலந்திப்பேன். அன்று மட்டும் காலையிலேயே அடியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும், வெயில் ஏறுவதற்குள் இலையும் காய்ந்துவிடும்.

மற்றபடி யூடியூபில் சொல்கிற வாழைப்பழம், தேன், உருளைக்கிழங்கில் குச்சி செருகுவது எதுவும் செய்வதில்லை. உருளைக்கிழங்கு அழுகும், அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஏழு வைத்தியம் பார்த்தால் எந்த வீட்டு நோயாளியும் பிழைக்கமாட்டார்.

"அப்படியானால் நம் அம்மா வைத்ததெல்லாம் வளர்ந்ததே, அது கைராசி இல்லையா?" என்று என் அண்ணன் கேட்பார். நியாயமான கேள்வி. அம்மா கிணற்றடியில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் வைத்திருந்தார். பாத்திரம் கழுவும்போது பார்ப்பார், துணி துவைக்கும்போது பார்ப்பார், தண்ணீர் இறைக்கும்போது பார்ப்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் கண்ணில் அந்தச் செடிகள் படும். ஒரு இலை சுருண்டாலும் அன்றே தெரிந்துவிடும். அவரிடம் இருந்தது அந்தக் கண். அதை நாம் கைராசி என்று சொல்லி, அவர் பட்ட பாட்டைக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டோம்.

வெறும் ரோஜாவோடு போனால் இதை இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். நம் வீடுகளில் இந்த 'ராசி' பூந்தொட்டியோடு நிற்பதில்லை. மருமகள் வந்த வருடம் வியாபாரம் படுத்தால் அவள் ராசி. குழந்தை தள்ளிப்போனால் அவள் ராசி. செடி வாடினாலும் அவள் கை. என் அக்கா மகள் அந்த வாக்கியத்தைச் செடியிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. யாரோ அவள் காதில் போட்டது, இப்போது அவள் வாயிலிருந்தே வருகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தவர்களை மட்டும் சொன்னால் சரியில்லை. என்னையும் சொல்லவேண்டும்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு பழைய மாணவி வீட்டுக்கு வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள். பேச்சுவாக்கில், மகளுக்கு வீட்டுப்பாடம் யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டேன். "அவ அப்பாதான் டீச்சர். எனக்குக் கணக்கு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றாள், கோபமே இல்லாமல். எட்டாம் வகுப்பில், எல்லார் முன்னாலும், "உனக்குக் கணக்கு வராது, விடு" என்று சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. அவள் இருபத்தாறு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். மார்பளவை நாலாகப் பிரித்து, தையலுக்குக் கூட்டி, துணி மிச்சமில்லாமல் ரவிக்கை வெட்டுகிறவளுக்குக் கணக்கு வராதாம்!

பேசப் பேசத்தான் தெரிந்தது, பின்னம் நடத்திய மாதத்தில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த வருகைப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. படியைப் பார்க்கவேண்டிய இடத்தில் பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, என்ன டீச்சர்" என்று எழுந்து நின்றுவிட்டாள். இங்கே எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றாள். இப்படி நான் சொன்ன ஏதாவது ஒன்றை வேறு யாராவது சுமந்துகொண்டிருந்தால், இறக்கிவைத்துவிடுங்கள். அது தவறான விடை. போட்டது நான்.

சரி, ரோஜாவுக்கு வருவோம். அக்கா மகளிடம் செத்த செடிகளைப் பற்றிக் கேட்டேன். ஆறாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, 8 அங்குலத் தொட்டி, அடியில் தண்ணீர் நிற்கிற தட்டு. போனிலேயே சொல்லிவிட்டேன், "உன் கையை விடும்மா, தட்டை எடு." அந்தப் பால்கனிக்கு ரோஜா சரிப்படாமலும் போகலாம். படுக்கையறை ஜன்னல் கிழக்கே இருக்கிறதாம், வெளியே கம்பிக்கூண்டும் உண்டாம். மாசியில் நான் சென்னை போகும்போது ஒரு ஒட்டுச்செடியும் 14 அங்குலத் தொட்டியும் வாங்கி அங்கே வைத்துப் பார்க்கப்போகிறோம். அதுவும் செத்தால் செத்ததுதான். ஏன் செத்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். ஆறாவது வைப்போம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் செத்த செடியைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எந்த மாதம் வைத்தீர்கள், எந்தத் திசை, எவ்வளவு தண்ணீர், எப்படிப் போனது. தெரிந்தவரை பதில் சொல்கிறேன். "கைராசி இல்லை" என்று மட்டும் யாரும் எழுதக்கூடாது. எழுதினால் பெஞ்சு மேல் ஏறி நிற்கவேண்டும், வயது நாற்பதானாலும்.

அப்புறம், அந்த மே 31 பிள்ளைகளே, உங்கள் செடிக்கு நான் செய்ததற்கு மன்னித்துவிடுங்கள். தொட்டி மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் இப்போது கறிவேப்பிலை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்